போர்ச்சுகீசிய மொழியில் ‘வேண்டும்’

சாவி, மேசை, அலமாரி, சன்னல் முதலியன போர்ச்சுகீசியர் வழியாக நம் மொழிக்கு வந்த சொற்களாம். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் நாம் கேட்கும் ‘ஏலம்’ என்பதும் அவ்வகையினதே. அச்சொல்லைப் போர்ச்சுகீசியர் அரபியிலிருந்து பெற்றனர் என்பர் அறிஞர். நம் மாவட்டத் தோப்புகளில் காய்க்கும் மாங்காயின் பெயரையோ, அவர்கள் மேலைக் கடற்கரையிலிருந்து ‘மங்கா’ எனக் கொண்டு சென்றனர். பண்டங்களின் பெயர்கள் இவ்வாறு எளிதில் கப்பலேறின. ‘செய்ய வேண்டும்’ என்னும் கட்டாயப் பொருளைத் தரும் வாய்பாடு மட்டும் ஏறவில்லை. அதனைப் பயின்றே பெறுதல் வேண்டும்.

நான் போக வேண்டும், நாங்கள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும் எனத் தமிழில் எழுவாய் மாறினும் ‘வேண்டும்’ மாறுவதில்லை. போர்ச்சுகீசியமோ, ‘உடைமை’ப் பொருள் தரும் ‘தேர்’ என்னும் வினையைக் கொண்டு கட்டாயத்தைச் சொல்கிறது. ‘தெஞ்ஞு கெ இர்’ என்றால் நான் போக வேண்டும். ‘தேமுஸ் கெ இர்’ என்றால் நாம் போக வேண்டும். கடமை யாருடையதென வினையே காட்டிவிடுகிறது. 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, போர்ச்சுகீசிய மொழியில் தமிழிலக்கணம் வரைந்த அன்றிக் அடிகளார் இதே வேறுபாட்டை எதிர்த்திசையில் கடந்திருத்தல் வேண்டும். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது.

இடர்ப்பாடு மிகுவது எதிர்மறையிலேதான். ‘இம்மாத்திரையை இனி உண்ண வேண்டாம்’ என்று ஒருவர் கூறின், உண்ணத் தேவையில்லை என்பதா, உண்ணக் கூடாது என்பதா? தமிழில் இரண்டிற்கும் அச்சொல் இடந்தரும். குரலும் சூழலும் பொருளைத் தெளிவிக்கும். போர்ச்சுகீசியத்தில் பேசுவோன் முன்னரே தேர்ந்துகொள்ள வேண்டியவனாகிறான். ‘நௌ ப்ரசீசா’ என்பது தேவையில்லை என விடுவிக்கும். ‘நௌ தேவெ’ என்பது கூடாதெனத் தடுக்கும். நோயாளிக்காக மொழிபெயர்ப்போன் இவ்விரண்டனுள் ஒன்றைப் பிறழக் கொள்வானாயின் விளைவு கொடிதாகும். தேவையில்லை, கூடாது என்னும் தெளிவான வடிவங்கள் நம்மிடமும் இருக்க, எல்லாவற்றிற்கும் ‘வேண்டாம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மேற்கூறிய ‘தேவெ’ பிறந்த வினை ‘தெவேர்’ என்பதாகும். அதற்குச் செய்யக் கடமைப்படுதல் என்பதும் பொருள். பணம் கடன்பட்டிருத்தல் என்பதும் பொருள். தமிழிற் ‘கடன்’ என்னும் சொல்லும் கொடுக்கற்பாலதையும் செய்யற்பாலதையும் ஒருங்கே குறித்தல் நோக்கத்தக்கது. அவர்கள் நன்றி கூறும் ‘ஒப்ரிகாது’ என்னும் சொல் ‘கடமைப்பட்டவன்’ என்றே பொருள்படும்; பெண்டிர் ‘ஒப்ரிகாதா’ என்பர். நாம் நன்றிக்கடன் என்கிறோமல்லவா?

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. ‘தேவெ எஸ்தார் எங் காசா’ என்றால் ‘அவர் வீட்டில் இருக்க வேண்டும்’ என்பதாம். இங்கே எவர் மீதும் கட்டாயம் இல்லை, வெறும் ஊகமே. தமிழ் மாணவர் சிறிதும் தயங்காமற் கற்றுக்கொள்ளும் தொடர் இதுவே.