'எபியூசியோஸ்': வழக்குச் சான்றற்ற ஒரு சொல்

ஒரு சொல்லின் பொருளை அறுதியிட அதன் வழக்கே முதன்மைச் சான்றாகும். அச்சான்று கிட்டாதவிடத்து எழும் இடர்ப்பாட்டைப் புதிய ஏற்பாட்டில் வரும் 'எபியூசியோஸ்' என்னும் கிரேக்கப் பெயரடை நன்கு புலப்படுத்துகிறது. இயேசு கற்பித்த மன்றாட்டில், 'அப்பம்' என்பதற்கு அடையாக, மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய ஈரிடங்களில் மட்டுமே இது வருகிறது. இச்சொல் கற்றோர் நூல்களிலோ மக்கள் வழக்கிலோ இல்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் குறித்துள்ளார்.

இதனை அறிஞர் இருவகையாகப் பகுப்பர். 'எபி', 'ஊசியா' (இருப்பு) எனப் பகுத்தால் 'வாழ்வுக்கு வேண்டிய' என்பது பொருள். ஆயின், உயிர்முன் 'எபி' என்பதன் இறுதி இகரம் கெடுவதே பொதுவிதி. இங்கு அது கெடவில்லை. அடுத்த நாளைச் சுட்டும் 'எபியூசா' என்பதன் வழி வந்ததெனின் 'நாளைக்குரிய' என்றாகும். இப்பகுப்புக்குப் புணர்ச்சித் தடையில்லை. எனினும், நாளையைப் பற்றிக் கவலற்க என்னும் மத்தேயு 6:34இன் கருத்தோடு அது முரணுவதாகச் சிலர் கருதுவர்.

இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், லூக்காவில் 'அன்றாட' என்றும், மத்தேயுவில் 'இருப்பினும் மேலான' என்றும் இருவேறு சொற்களை ஆண்டார். 1889இல் வெளியான எகிப்தியப் பாப்பிரஸ் கணக்கொன்றில் இச்சொல் இருப்பதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. 1990களின் இறுதியில் அவ்வேட்டை மீண்டும் படித்தபோது, அங்கிருந்தது 'எண்ணெய்' என்னும் பொருளுடைய சொல்லே எனத் தெரிந்தது.

எனவே, தமிழ் விவிலியத்தின் 'வேண்டிய' என்பதும், வழிபாட்டு வழக்கிலுள்ள 'அன்றாட' என்பதும் அகராதி தந்த பொருள்கள் அல்ல. பெயர்ப்போர் தேர்ந்த விளக்கங்களே.