பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

புது பேட்டரி போட்டு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. நான்கு நாள் வாசலில் நின்ற கார் ஐந்தாம் நாள் காலையில் கிளம்ப மறுக்கும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து, வழியில் எங்கும் நிறுத்தாமல் பேட்டரி கடைக்குக் கொண்டுபோவோம். கடைக்காரர் சோதனைக் கருவியை டெர்மினலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பேட்டரி போனது உண்மைதான். ஆனால் எதனால் போனது என்பதை அந்தக் கருவி காட்டாது. நாமும் கேட்பதில்லை. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இன்னொன்றை மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களில் இது தீராத செலவாக இருக்கிறது. 15 ஆண்டு முடிந்ததும் பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை மேலும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. தெருவில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வண்டிகளில் பல இரண்டு மூன்று கை மாறியவை. ஒருவர் சென்ட்ரல் லாக் போட்டிருப்பார், அடுத்தவர் பாட்டுப் பெட்டி, அதற்கடுத்தவர் ரிவர்ஸ் கேமரா. கடனில் எடுத்த வண்டியென்றால் எங்காவது ஒரு ஜி.பி.எஸ். கருவிகூட ஒளிந்திருக்கலாம். (ஃபாஸ்டேக் மேல் சந்தேகப்பட வேண்டாம். அந்த ஸ்டிக்கருக்குக் காரிலிருந்து மின்சாரமே போவதில்லை.) எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று இன்றைய உரிமையாளருக்குத் தெரியாது. பேட்டரி திரும்பத் திரும்ப இறங்குவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த ஒயர்களுக்குள்தான் கிடக்கிறது.

தாம்பரத்தை அடுத்த ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் இதை நேரில் பார்க்க வாய்த்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் சின்ன கார். இரண்டாம் கையாக வாங்கியது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், செவ்வாய்க்கிழமை மருந்து காய்கறி வாங்கவும் மட்டும் எடுப்பார். வெள்ளிக்கிழமை நன்றாக ஓடிய வண்டி செவ்வாய்க்கிழமை செல்ஃப் எடுக்காது. அதற்குள் பேட்டரி இரண்டு முறை மாறிவிட்டது. "இந்தத் தடவை நல்ல கம்பெனியாப் பார்த்துப் போட்டுடு தம்பி" என்றார். எலக்ட்ரீஷியன், "அவசரப்படாதீங்க டீச்சர். இப்ப போட்டா அடுத்த வருசம் மறுபடியும் இங்கதான் வருவீங்க. முதல்ல பார்த்துடலாம்" என்று மல்டிமீட்டரை எடுத்தார்.

செய்தது இவ்வளவுதான். சாவியை எடுத்துவிட்டுக் கதவுகளைச் சாத்தினார். டிரைவர் பக்கக் கதவை மட்டும் திறந்து வைத்து, உள்விளக்கு எரியாதபடி கதவு ஸ்விட்சை அழுத்தி டேப் ஒட்டினார். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினார். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரைக் கோத்தார். எண் நின்றது: 0.41 ஆம்பியர். தூங்க வேண்டிய கார் தூங்கவில்லை.

பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார். ஹார்ன், விளக்கு, வைப்பர், ரேடியோ என்று எதை எடுத்தாலும் 0.41 அசையவில்லை. இந்த இடத்தில்தான் பல கடைகளில் தேடலை நிறுத்திவிட்டுப் புது பேட்டரியைக் காட்டுவார்கள். இவர் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குத் திரும்பி வந்து விரலால் தடவிப் பார்த்தார். தடித்த கேபிளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, கருத்துப்போன டேப் சுற்றிய இன்னொரு சிவப்பு ஒயர். ஃபியூஸ் பெட்டியைத் தொடாமலே அது உள்ளே போயிருந்தது. அதைப் பிரித்ததும் எண் 0.02-க்கு இறங்கியது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், முன் சீட்டுக்கு அடியில் பழைய உரிமையாளர் வைத்த ஆம்ப்ளிஃபயர். பாட்டுப் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போனவர்கள் இதை விட்டுவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயரை எழுப்ப வேண்டிய நீல ஒயரை நேரடி சப்ளையோடு முறுக்கிவிட்டிருந்ததால், ஸ்பீக்கரே இல்லாமல் அது இரவு பகலாக விழித்திருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.41 ஆம்பியர் 24 மணி நேரத்துக்குக் கசிந்தால் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-ஹவர். சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் அளவு பேட்டரி. வெள்ளியிலிருந்து செவ்வாய்க்குள் முழுவதும் காலி. இதோடு செல்ஃப் மோட்டாரை ஒப்பிடலாம். அது 150 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் சில நொடிகளுக்குத்தான். ஐந்து நொடி ஓடினால் செலவாவது சுமார் 0.2 ஆம்பியர்-ஹவர். அதாவது ஒரு முறை ஸ்டார்ட் செய்யும் மின்சாரத்தை அந்த ஆம்ப்ளிஃபயர் அரை மணி நேரத்துக்கு ஒரு தரம் தின்றுகொண்டிருந்தது. "அடிக்கடி ஸ்டார்ட் செய்ததால் பேட்டரி இறங்கிவிட்டது" என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கசிவும் குற்றமில்லை. கடிகாரம், அலாரம், ரேடியோவின் நினைவகம் இவற்றுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும். பழைய கார்களில் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கார்பரேட்டர் வண்டியில் எண் உடனே இறங்கிவிடும். கம்ப்யூட்டர் வைத்த வண்டியில் எல்லாம் அடங்க அரை மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும். டிக்கியில் 5 வாட் விளக்கு அணையாமல் எரிந்தாலே ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-ஹவர் போய்விடும். டிக்கியைச் சாத்திய பிறகு உள்ளே விளக்கு எரிகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கைபேசியில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்துச் சாத்தினால் தெரிந்துவிடும்.

வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். செல்ஃப் இழுக்கும் கரண்டில் மீட்டரே போய்விடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் ஆகாது.

கசிவு இல்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது, டைனமோ என்று மெக்கானிக்குகள் இன்றும் சொல்லும் ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகாமலிருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அப்போது பேட்டரி பட்டினியால் அல்ல, கொதித்துச் சாகும். பெல்ட் தளர்ந்திருந்தால் மழைநாளில் கீச்சென்ற சத்தம் காட்டிக் கொடுக்கும். சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டல் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் எச்சரிக்கையும் போய்விடும், சில வண்டிகளில் சார்ஜும் ஏறாது.

ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு ஒன்று பழுதானால்தான் பெரிய தலைவலி. பகலில் சார்ஜ் ஓரளவு ஏறும். இரவில் அதே வழியாக பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பானட்டைக் காலையில் திறந்து ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்து கிடக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டையோடைச் சந்தேகிக்கலாம்.

கசிவும் இல்லை, சார்ஜும் சரி என்றால் டெர்மினல், எர்த் கேபிள் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலைன் தடவினால் போதும். கடற்கரை ஊர்களில் எர்த் கேபிள் பாடியோடு சேரும் இடம் துருப்பிடித்துப் போவது சகஜம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளை மாற்றுங்கள். பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகே பேட்டரியைக் குற்றம் சொல்லலாம். ஓர் இரவு ஓய்ந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களையும் தனித்தனியே பார்க்க முடியும். ஐந்து ஒன்றுபோலிருக்க, ஒன்று மட்டும் மிகவும் கீழே இருந்தால் அந்த செல் முடிந்தது. அதோடு பேட்டரியும் முடிந்தது.

நம் ஊரில் பேட்டரிக்கு எதிரி வெயில். குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் கிளம்பாமல் போகும். இங்கே சித்திரை வெயிலில் நிற்கும்போதே உள்ளே தண்ணீர் வற்றித் தகடுகள் அரித்துக்கொண்டிருக்கும். கோடையில் மாதம் ஒரு முறை மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது. ஆனால் வெயிலைவிட வேகமாக பேட்டரியைக் கொல்வது அது காலியாகக் கிடக்கும் நாட்கள். சார்ஜ் இறங்கியதும் தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும்; நாள்கணக்கில் விட்டால் இறுகிப்போய் மறுபடி கரையாது.

முதல் காட்சியில் கடைக்காரர் சொன்னது உண்மையானது இப்படித்தான். கசிவு பேட்டரியை நாலைந்து முறை அடிவரை காலி செய்கிறது. தகடுகள் இறுகுகின்றன. அதற்குப் பிறகு எந்தக் கருவியில் வைத்தாலும் பேட்டரி கெட்டது என்றே காட்டும். அடிபட்டவரைப் பார்த்துவிட்டு அடித்தவரைத் தேடாமல் வந்துவிடுகிறோம்.

இதில் கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பேட்டரிக்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்காத நாம், ஒருவர் ஒரு மணி நேரம் குனிந்து ஒயரைத் தேடி எடுத்தால், "சும்மா ஒரு ஒயரைத்தானே கழட்டினீங்க" என்று ஐம்பது ரூபாயை நீட்டுகிறோம். பொருளுக்கு விலை உண்டு, கண்டுபிடிப்பதற்கு இல்லை என்று நாமே பழக்கிவிட்டோம். அதனால்தான் தேடத் தெரிந்தவர்களும் தேடாமல் பேட்டரியை விற்கிறார்கள். அந்த ஆசிரியையின் காரில் புது பேட்டரி போடவில்லை. இருந்த பேட்டரியையே ஒரு நாள் முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி மாட்டினார்கள். அவர் தயங்காமல் ஒரு மணி நேர வேலைக்கான கூலியைக் கொடுத்தார்.

அடுத்த முறை உங்கள் கார் மக்கர் செய்தால், எலக்ட்ரீஷியனிடம் மூன்று எண்களை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்: ஓய்ந்த பேட்டரியின் வோல்ட், இன்ஜின் ஓடும்போது வோல்ட், எல்லாம் அணைத்த பின் கசியும் ஆம்பியர். மூன்றையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு, எந்தப் பொருளும் வாங்காவிட்டாலும், பேரம் பேசாமல் முழுக் கூலி கொடுங்கள்.