சுரங்கக் கழிவு மலை ஏன் சரிகிறது?

நிலக்கரியைத் தோண்டும்போது கல், களிமண், கரித்தூள் என வேண்டாதவையும் சேர்ந்தே மேலே வருகின்றன. அதை எங்கே கொட்டுவது என்பதுதான் சிக்கல்.

வேல்சின் அபர்வான் கிராமத்தில், ஊருக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் கொட்டினார்கள். 1958இல் தொடங்கிய 7ஆம் குவியலின் அடியில் நீரூற்று இருந்தது. கரியைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் நுண்தூளும் அதிலேயே சேர்ந்தது. அடைமழையில் மேட்டுமண் சரிவது மலேசியர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தூள் அதைவிட மோசம். நீர் ஊறினால் கூழாகி ஓடும். பள்ளிக்கு ஆபத்து என உள்ளூர் மன்றம் முன்பே கடிதம் எழுதியது. கேட்பாரில்லை.

1966 அக்டோபர் 21, காலை மணி 9.15 அளவில் குவியல் சரிந்து பந்த்கிளாஸ் தொடக்கப்பள்ளியை மூடியது. மாண்டவர் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள்.

விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே பழியைச் சுமத்தியது. கழிவுக் குவியல்களுக்கென்றே 1969இல் சட்டம் வந்தது. முறையாகக் கொட்டுவதென்றால், முதலில் அடிநிலத்தைச் சோதித்து, ஊற்றுநீருக்கு வடிகால் அமைத்து, கழிவை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி இறுக்க வேண்டும்.

எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கு, பாதிக்கப்பட்டோருக்காகத் திரண்ட நன்கொடையிலிருந்தே 150,000 பவுன் எடுக்கப்பட்டது. வெட்கக்கேடு! அந்தப் பணம் 1997இல்தான் திரும்பி வந்தது, வட்டியில்லாமல்.