சுவர்களைக் கடக்கும் அலைகள்: கம்பியில்லா இதயக் கண்காணிப்பு

இதயப் பிரிவில் சிலரது மார்பில் ஒட்டிய மின்முனைகளோடு ஒரு சிறு பெட்டி இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்களது இதயத்துடிப்பை அது ரேடியோ அலைகளாக அனுப்ப, செவிலியர் மேசையிலுள்ள திரை அதனைக் காட்டுகிறது. "இதை அணிந்துகொண்டு எங்கும் நடக்கலாமா?" என்று பலரும் எங்களிடம் கேட்பதுண்டு. மருத்துவர் அனுமதித்தால் வார்டுக்குள் நடக்கலாம். சொல்லாமல் வெளியே செல்லலாகாது. அதன் காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். கட்டடத்துக்குள் இதனோடு தடைகளும் சேர்கின்றன. மரக்கதவை அலை எளிதில் கடக்கும். கான்கிரீட் சுவரோ அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். ஆதலால் லிஃப்டுக்குள்ளும், ஈயத் தகடு பதித்த எக்ஸ்ரே அறையிலும், உலோகக் கவசம் சூழ்ந்த எம்.ஆர்.ஐ. அறையிலும் தொடர்பு அறுந்துபோவது இயல்பு. நீர் நிறைந்த மனித உடலும் அலையை உறிஞ்சும்.

மேலும், சுவர்களில் பட்டுத் தெறிக்கும் அலைகள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. அவை ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடமும் உண்டு. அழித்துக்கொள்ளும் இடமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். எனவே ஓரடி நகர்ந்தாலே நிலைமை மாறக்கூடும்.

ஆகவேதான் இத்தகைய அமைப்பை நிறுவுமுன், பொறியாளர்கள் கட்டட வரைபடத்தைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சுவரும் எதனால் ஆனது என்பதைக் குறித்து, எவ்விடத்தில் எவ்வளவு வலிமை கிட்டும் என்று கணக்கிடுகின்றனர். பின்னர் அளவுமானியுடன் நடந்து சரிபார்க்கின்றனர். அந்தக் கணக்கு, திட்டமிட்ட பகுதிக்கு மட்டுமே பொருந்தும். எல்லைக்கு அப்பால் உங்கள் இதயத்துடிப்பு வழக்கம்போல் தொடரும். ஆனால் அது தடுமாறினால் செவிலியரின் திரை அறியாது.

ஆதலின், பெட்டி அணிந்தவர்களும் உடனிருப்போரும் இவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறோம்:

• வார்டை விட்டுச் செல்லுமுன் செவிலியரிடம் தெரிவியுங்கள்.
• பெட்டியையோ மின்முனைகளையோ நீங்களாகக் கழற்றாதீர்கள்.
• சில மருத்துவக் கருவிகள் வைஃபை அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் தேவையின்றித் திறந்து வைக்காதீர்கள்.
• நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு தோன்றினால், திரையில் தெரிந்திருக்கும் என்று காத்திராமல் உடனே அழையுங்கள்.