தறி நின்றால் கேட்கும் சத்தம்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். நாடா அடிபட்டு ஓடும் சத்தத்தில் வெளியூர்க்காரருக்குக் கண் மூடாது. வீட்டுக்காரர்களோ அயர்ந்து தூங்குவார்கள். நடுராத்திரியில் கரண்டு போய்த் தறி நின்றால்தான் அவர்களுக்கு விழிப்புத் தட்டும்.

மாறாத பலவற்றை நரம்பு நாளடைவில் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஏப்ளிசியா என்ற கடல்நத்தையிடம் நரம்பியலாளர் எரிக் காண்டெல் இதைக் கண்டார். அதன் நீர்க்குழலை லேசாகத் தொட்டால் செவுளை வெடுக்கென்று உள்ளிழுக்கும். பத்துத் தடவை தொட்டபின் அந்த வேகம் இருக்காது. உணர்நரம்பின் முனை வெளியிடும் வேதிப்பொருள் குறைந்துபோயிருக்கும். வாலில் ஓர் அதிர்ச்சி கொடுத்தால் போதும், அதே பழைய தொடுகைக்கு மறுபடி பதறும். இந்த வழியில் நினைவின் நரம்பியலைத் துலக்கியதற்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வாலில் விழும் அந்த அடியைத்தான் நல்ல கதை நமக்குத் தருகிறது. ருஷ்ய விமர்சகர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் இதற்கொரு பெயர் வைத்தார். தமிழில் பரிச்சய நீக்கம் என்கிறோம். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, டால்ஸ்டாய் ஒரு குதிரையைச் சொல்லவைத்த கதை. ‘என்னுடையது’ என்று மனிதர்கள் சொல்வது அந்தக் குதிரைக்கு விளங்கவே இல்லை. சொத்து என்பதன் விசித்திரம் நமக்கு அப்போதுதான் உறைக்கிறது.

திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 2016இல் ‘பூனாச்சி’ நாவலில் அந்தப் பெயருள்ள வெள்ளாட்டுக் குட்டியின் பக்கம் நின்று உலகைப் பார்த்தார். கொங்குநாட்டில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி, சீர்த்தட்டு, கறிவிருந்து. பூனாச்சிக்கோ அது அரசாங்கம் போடும் அடையாளம். அதற்காகக் குட்டியோடு வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். ஆட்டின் காதில் ஏறும் வலியை வாசிக்கும்போது, நாம் சலிக்காமல் நின்ற வரிசைகளெல்லாம் நினைவுக்கு வருகின்றன. அவருடைய ‘நீர் விளையாட்டு’ சிறுகதையில் ஆடு இல்லை, அதிசயம் எதுவும் இல்லை. பிள்ளைகளோடு கிணற்றில் நீந்தும் ஒருவனுக்கு விளையாட்டே மெல்ல மெல்லப் பயமாக மாறுகிறது. கிணறு அதே கிணறுதான்.

கண்ணை இடம் மாற்றலாம், பழகிய பெயரைச் சொல்லாமல் விடலாம், ஒரு நொடியை ஒரு பக்கத்துக்கு இழுக்கலாம். வழி எதுவானாலும் கதை புதிய பொருளைக் கொண்டுவருவதில்லை. இருந்ததையே மீட்டுத் தருகிறது.

சோமனூரில் கரண்டு திரும்பியதும் தறி மறுபடி ஓடத் தொடங்கும். விழித்திருப்பவர்களுக்குக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் முழுசாகக் கேட்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் கதை எழுதுகிறார்கள்.