ஆயாக்கொட்டகையும் தாஸ்காவும்

கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே பெரட்டு தொடங்கிவிடும். குளிர் இருக்கும்போதே மரம் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் இருட்டிலேயே அடுப்பை மூட்டி இறக்கிவிட்டு, தூங்குகிற கைப்பிள்ளையைச் சீலையோடு வாரிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு நடப்பார்கள் வெட்டுக்காரப் பெண்கள். அங்கே உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். மரத்தோடு மல்லுக்கட்ட முடியாத வயதில் ஓர் ஆயா, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளின் ஏணைகளை ஆட்டிவிடுவார். மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க நிரையில் நின்று வெட்டியதை இன்றும் சொல்லும் மூதாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவளைத் தாங்க வீடு நிறைய ஆள் இருந்தது, இன்றுதான் அவள் தனியாகிவிட்டாள் என்று மேடைகளில் பேசக் கேட்கிறேன். தோட்டத்தை அறிந்தவர்களால் அதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியாது. அங்கே பாட்டியும் வெட்டுக்காரிதான், சித்தியும் வெட்டுக்காரிதான். லயத்தில் அக்கம்பக்கம் ஓடிவந்து உதவியது உண்மை. வேது தண்ணீர் காய்ச்ச ஒருவர், பத்தியக் குழம்புக்கு மிளகும் பூண்டும் அரைக்க ஒருவர் என்று வந்து நின்றார்கள். வயிறு கட்டிவிட, உடம்பு பிடித்துவிடப் பக்கத்துக் கம்பத்திலிருந்து மலாய்க்காரப் பீடானும் வந்தார். ஆனால் அந்த உதவியெல்லாம் வேலை முடிந்த பிறகு. விடியற்காலை நேரத்தில் பிள்ளைக்குக் கொட்டகைதான் கதி. மலேசியத் தமிழ்த் தாய் மூன்று, நான்கு தலைமுறையாக வேலைக்குப் போகிற தாய்.

பிரிக்பீல்ட்ஸ் கதை சற்று வேறு. நூறு குவாட்டர்ஸ் எனப்பட்ட ரயில்வே குடியிருப்பில் கணவர் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களில் பெண்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்தார்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலை ஒட்டி வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். அந்தக் குவாட்டர்ஸ் 2014இல் இடிக்கப்பட்டது.

மாறியதில் பெரியது, பிள்ளை உயிரோடு இருப்பது. 1957இல் மலாயாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. தாய்ப்பாலுக்கு நேரமில்லாத தாய்மார்களிடம் இனிப்பூட்டிய டின்பால் குழந்தை உணவாக விற்கப்பட்டதைக் கண்டித்து, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்கு ‘பாலும் கொலையும்’ என்று பெயர் வைத்தார். அவர் அந்தக் கடுமையான சொல்லைத் தேர்ந்ததில் தவறே இல்லை. இன்று கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பினால், அரசாங்கக் கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கே வந்து தொப்புளைப் பார்க்கிறார், மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று தோலை அழுத்திப் பார்க்கிறார், தாயின் தையலைப் பார்க்கிறார். இந்த நாட்டில் நாம் பெற்ற நல்லவற்றுள் இதை முன்வரிசையில் வைப்பேன்.

பிறப்புப் பத்திரமும் அப்படித்தான். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து பதிவாகாமல் போனவர்களில் பலர், இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தினார்கள். தீபகற்ப மலேசியாவில் இன்று 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திருமணத்தைப் பதியாமல் விடும் தம்பதியரின் பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தாய் வெளிநாட்டவராக இருந்தால், குடியுரிமைச் சிக்கல் இன்றும் வருகிறது. இதைக் கேள்விப்படும்போது நெஞ்சு பதறுகிறது; ஒரு பதிவு போதுமாயிருந்த விஷயம்.

சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. வெட்டுக்காரியின் மகள் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போனாள். அவள் பிள்ளையை மலிவுவிலை அடுக்குமாடியில் கீழ்த்தளத்துப் பாட்டி பார்த்துக்கொண்டார். பேத்தி இன்று அலுவலகத்துக்குப் போகிறாள். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலுக்கு முந்திக்கொள்ள, இருட்டு பிரியும்போதே பிள்ளையைத் தாஸ்காவில் விடுகிறாள். ஏணைக்கு இப்போது மின்விசை வந்துவிட்டது. கை ஓய்ந்த பாட்டிகளுக்கு அது பெரிய உதவி. ஒரு வயதுக்குக் குறைந்த 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது பதிவுபெற்ற தாஸ்காவுக்கு விதி. கொட்டகை ஆயாவிடம் இருந்த கூட்டத்தை நினைத்தால் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம்! ஆனால் தாஸ்காக் கட்டணத்தைப் பெற்றோர்தான் சம்பளத்திலிருந்து கொடுக்கிறார்கள். பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் விதிகள் பிள்ளைக் கொட்டகை வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் போட்டன. 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்கச் சொல்ல அதிகாரம் தருகிறது. நகரத்துத் தனியார் அலுவலகத்துக்கு வரிச் சலுகை காட்டி அழைப்பு விடுப்பதோடு சரி. அங்கும் காப்பகம் கட்டாயமாக வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் சிறிதாவது நகர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. ஓராண்டு வேலை செய்த, மணமான தகப்பனுக்குச் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. ஏழு நாள் போதாது. ஆனாலும் மிஸ்ஸி வரும்போது கதவைத் திறந்து, குழந்தையின் எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் அப்பாக்களை இப்போது பார்க்கிறோம். அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது, பல பெண்களுக்குத் தெரிவதில்லை: வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டும். விடுப்பு முடிகிற வாரத்தில் கேட்டால் பதில் வருவதற்குள் பிள்ளைக்கு ஐந்து மாதம் தாண்டிவிடும். பிரசவத்துக்குப் போகும்முன்னே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.