மால் பெரிதாகிறது... மழைநீர் எங்கே போகும்? விரிவாக்க அனுமதியில் கவனிக்க வேண்டியவை

'கூடுதல் தியேட்டர்கள், பெரிய ஃபுட் கோர்ட், விரைவில்!' என்று பக்கத்து மாலில் போர்டு வைத்தால் பலருக்கும் சந்தோஷம்தான். "ஏற்கெனவே இருக்கிற மால்தானே, கொஞ்சம் பெருசாக்கினா என்ன ஆகிடப் போகுது?" என்றுதான் தோன்றும். ஆனால், அந்தப் பகுதியின் தண்ணீர், சாக்கடை, சாலை எல்லாவற்றின் மீதும் புதிதாக ஒரு சுமை ஏறப்போகிறது. அதைக் கட்டுவதற்கு முன்பே கணக்குப் பார்ப்பதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.

எப்போது அனுமதி தேவை?

மத்திய அரசின் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை (சுமார் 2.15 லட்சம் சதுர அடி) எட்டினால் முன் அனுமதி கட்டாயம். 1.5 லட்சம் சதுர மீட்டரை எட்டினால் விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். அதற்குக் குறைவான திட்டங்கள், விண்ணப்பப் படிவங்களையும் கட்டடத்தின் உத்தேசத் திட்டத்தையும் வைத்தே பரிசீலிக்கப்படும்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கடைகளின் பரப்பு மட்டும் கணக்கில்லை. அடித்தள பார்க்கிங், சர்வீஸ் பகுதிகள் என எல்லாத் தளங்களும் சேரும். இரண்டாவது, பழைய கட்டடத்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். உதாரணமாக, 90,000 சதுர மீட்டர் மால் மேலும் 70,000 கட்டினால் மொத்தம் 1.6 லட்சம். புதுப் பகுதியை மட்டும் காட்டினால் சின்னத் திட்டம். சேர்த்துப் பார்த்தால் விரிவான அறிக்கை தேவைப்படும் திட்டம்.

தண்ணீர் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் திறந்தவெளி பார்க்கிங்கை கான்கிரீட்டாக்கிய பிறகு 10 செ.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் சேரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 83 லாரி! மண்தரையாக இருந்தால் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கியிருக்கும். இப்போது கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வரும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய பேய்மழையில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அதே ஒரு ஹெக்டேரில் அது 49 லட்சம் லிட்டர். தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் தளமானது. ஆனால், அதைச் சுற்றியுள்ள பகுதிகள் கான்கிரீட்டாக மாற மாற, ஓடிவரும் தண்ணீரின் அளவும் வேகமும் கூடும். அதனால், 'மழைநீர் சேகரிப்பு உண்டு' என்ற ஒற்றை வரி போதாது. எத்தனை லிட்டர் தேங்கும், மிச்சம் எந்தக் கால்வாய்க்குப் போகும், அந்தக் கால்வாய் தாங்குமா என்பதற்குப் பதில் வேண்டும்.

வேறு என்னவெல்லாம்?

அடித்தளம் தோண்டும்போது இறைக்கப்படும் நிலத்தடி நீர் அடுத்த முக்கியக் கேள்வி. பக்கத்துத் தெரு போர்வெல்லில் மட்டம் இறங்கலாம். கடலோரப் பகுதி என்றால் உப்புநீர் உள்ளே வரும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது கழிவுநீர். ஃபுட் கோர்ட் பெரிதானால் எண்ணெய்ப் பிசுக்கு கலந்த கழிவுநீரும் கூடும். பழைய எஸ்டிபி அதைச் சமாளிக்குமா, சுத்திகரித்த நீர் கழிவறைக்கும் ஏசி கூலிங் டவருக்கும் திரும்பப் பயன்படுமா என்று பார்க்க வேண்டும். போக்குவரத்து ஆய்வு செவ்வாய்க்கிழமை மதியம் எடுக்கப்பட்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. மால் திணறுவது ஞாயிறு மாலையில்தானே!

பழைய வாக்குறுதி என்ன ஆச்சு?

விரிவாக்கத்துக்கு மட்டுமே உரிய சோதனை இது. முதல் கட்டடம் அனுமதி பெற்றபோது 'இத்தனை மரம், இவ்வளவு பசுமைப் பரப்பு, இந்த அளவு எஸ்டிபி' என்று நிபந்தனைகள் இருந்திருக்கும். அவற்றைப் பின்பற்றியதற்கான, அதிகாரிகள் சான்றளித்த அறிக்கையை விரிவாக்க விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். சொன்னதைச் செய்தார்களா என்று அழுத்திக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மால் திறந்து கூட்டம் வர ஆரம்பித்துவிட்டால், கட்டிய அடித்தளத்தை யாரும் மூடப்போவதில்லை.

மக்கள் என்ன செய்யலாம்?

அனல்மின் நிலையம் போன்ற பெரிய திட்டங்களுக்கு நடப்பதைப்போல, மால்களுக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. கட்டடத் திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. 'மீட்டிங் போட்டா போய்க் கேட்போம்' என்று காத்திருந்தால் அனுமதியே வந்துவிடும்.

அதற்குப் பதிலாக, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் திட்டத்தைத் தேடலாம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படிக்கலாம். அந்தக் குழுவின் பரிந்துரையின் பேரில் அனுமதி தருவது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். முடிவு வருவதற்கு முன்பே அதற்கு எழுத்துபூர்வமாக மனு அனுப்பலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டிய அரையாண்டு அறிக்கையைக் கேட்டு வாங்கலாம்.

அனுமதியில் குறை இருந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். அதனால், 'விரைவில்' போர்டைப் பார்த்த அன்றே பரிவேஷ் தளத்தில் தேடுவது நல்லது.